தேரணி துரை ஆஜர்

உப்பாற்றுமுனைக் கோர்ட்டுக்குச் செத்தவர்கள் வர ஆரம்பித்தது ஒரு கவிஞனுடைய மறதியால்தான், வேறு எந்தச் சாமியும் பூதமும் அதற்குக் காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே அது எப்படி, இது எப்படின்னு ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கும் கெட்ட கோபம் வந்து எழுந்து போய்விடுகிறேன். எப்படின்னு எங்களுக்கும் தெரியாது. வந்தார்கள், ஊர் பார்த்தது, பார்த்துப் பார்த்துப் பழகியும் போனது.

மறதிக்காரர் பெயர் ஃபெர்கஸ் டியர்னி. அயர்லாந்து தேசத்தில் கார்க் என்கிற துறைமுகப் பட்டினத்தில் வெண்ணெய் வியாபாரிக்கு மகனாகப் பிறந்து, அப்பா சொன்னாரேன்னு டப்ளினில் சட்டம் படித்து, மனசு சொன்னதேன்னு கவிதை எழுதி, அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, அந்தப் புத்தகத்தை அங்கே ஒரு நாய்கூட மோந்து பார்க்காததால் ரோஷப்பட்டுக் கப்பலேறி மதராசுக்கு வந்து, ஐக்கோர்ட்டில் பெரிய பெரிய பாரிஸ்டர்களுக்கு நடுவே நிற்க இடம் கிடைக்காமல், கடைசியில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவர். அது வெள்ளைக்காரன் காலம். உப்பளக்காரர்களுக்கும் தோணி முதலாளிகளுக்கும் சர்க்காரோடு ஓயாத வழக்கு இருந்ததால், இங்கிலீஷில் மல்லுக்கட்ட ஒரு வெள்ளைத் தோல் கிடைத்ததேன்னு ஊர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. டியர்னி எங்கள் வாயில் நுழையவில்லை, தேரணி ஆகிவிட்டார். நான் இங்கிலீஷ்காரன் இல்லை, எங்களையும் அவர்கள்தான் ஆளுகிறார்கள்ன்னு அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். சரிங்க துரைன்னு கேட்டுக்கொண்டோம்.

கெட்ட வக்கீல்னு சொல்லமாட்டேன், நல்ல வக்கீல்னும் சொல்ல வாய் வரவில்லை. வாதம் சூடு பிடிக்கிற நேரத்தில் அவர் கண் ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போய்விடும், ஏதோ ஒரு சொல்லைத் தேடி வாய் முணுமுணுக்கும், ஜட்ஜ் இருமினதும் திடுக்கிட்டுத் திரும்பி ஒரு வாய்தா கேட்பார். வாய்தா ராசான்னே அவருக்குப் பெயர். அவர் கவிதைப் புத்தகம் ஒரு பெட்டி நிறையக் கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் ஊர்க் கறையான்தான் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படித்த ஒரே வாசகர். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஊரில் யார் செத்தாலும் அவருக்கு ஒரு கவிதை எழுதிக்கொண்டு துரை எழவு வீட்டுக்கு வந்துவிடுவார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்று இங்கிலீஷில் வாசிப்பார். ஒப்பாரி வைக்கிற பெண்கள் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். என்ன எழவு பாஷையோ, ராகம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து அவர்கள் எடுப்பார்கள்.

அவர் சம்சாரத்துக்கு மட்டும் அப்படி எழுதி வாசிக்கவில்லை. தோணி முதலாளி ஒருவரின் மகள், இஞ்ஞாசியம்மாள்னு பெயர். இரண்டு பக்கமும் எதிர்ப்பு இருந்தும் மாதாகோயிலில் வைத்து முறையாகக் கட்டினார், பிள்ளையில்லை, ஆனாலும் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளிடம்தான் தமிழ் பழகினார். ஒரு ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு அவள் போய்ச் சேர்ந்தாள். மழையிலேயே குழி வெட்டி, மழையிலேயே அடக்கம் செய்தார்கள், துரை வெறுங்கையோடு நனைந்துகொண்டு நின்றார், ஏன் எழுதவில்லைன்னு யாரும் கேட்கவில்லை.

அதற்கு அப்புறம் சில வருஷம் கழித்துத்தான் அந்த மறதி. உலகமுத்து நாடார்னு ஒரு உப்பளக்காரர், தம்பி பால்வண்ணம் மேல் வரப்புத் தகராறில் வழக்குப் போட்டிருந்தார். துரைதான் அவருக்கு வக்கீல். வழக்கு முடியுமுன்னே நாடார் போய்விட்டார். கட்சிக்காரர் செத்தால் அவர் வக்கீல் கோர்ட்டுக்கு ஒரு மெமோ எழுதிப் போட வேண்டும், அப்புறம் வாரிசுகளைச் சேர்ப்பார்கள். அதுவரைக்கும் கோர்ட்டைப் பொறுத்தமட்டில் ஆள் உயிரோடு இருக்கிறார்ன்னுதான் கணக்கு. துரை என்ன செய்தார்? நாடாருக்கு ரொம்ப நீளமாக, அருமையாக ஒரு கவிதை எழுதினார். மெமோவை மறந்துவிட்டார்.

வாய்தா நாள் வந்தது. டவாலி பாக்கியநாதன் வாசலுக்கு வந்தான். கடலுக்குள் நிற்கிற தோணிக்காரனைக் கரையிலிருந்தே கூப்பிடக்கூடிய தொண்டை அவனுக்கு. கோர்ட்டில் யாரையும் மூன்று தடவை கூப்பிடுவதுதான் முறை. மூன்றுக்கும் வராதவன் வழக்கு அவனில்லாமலே முடிந்துபோகும். உலகமுத்து நாடார்ன்னு ஒரு தடவை கூப்பிட்டான், வேப்பமரத்துக் காக்கைகள் சத்தத்தை நிறுத்தின. இரண்டாவது தடவை கூப்பிட்டான், வெளியே நின்ற ஆட்கள் வழிவிடுகிற மாதிரி தானாக ஒதுங்கினார்கள், ஏன் ஒதுங்கினோம்ன்னு அவர்களுக்கே தெரியவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டான். சுடுகாட்டுப் பாதையிலிருந்து உலகமுத்து நாடார் நடந்து வந்து, படியேறி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூண்டில் ஏறி நின்றார். அவர் வந்த வழியெல்லாம் புகை வாடை அடித்தது.

தம்பி பால்வண்ணம்தான் முதலில் வாயைத் திறந்தார். "சாமி, எங்க அண்ணாச்சி செத்துட்டாருங்க. நாந்தான் கொள்ளி வச்சேன்."

ஜட்ஜ் சேஷகிரி ராவ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் சட்டத்துக்கு அப்பால் ஒரு அடி வைக்காத மனுஷர். "இறந்துட்டார்ன்னு மெமோ இருக்கா?"

"மெமோ இல்லீங்க. ஆனா நானே..."

"மெமோ இல்லாம நான் எப்படி ஒத்துக்கறது? ஆஜராயிருக்காரே. சாட்சியை விசாரிங்க."

விசாரித்தார்கள். நாடார் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், கேட்காததற்கு வாய் திறக்கவில்லை, கண் இமைக்கவில்லை, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது சொன்ன பொய்யையெல்லாம் விட்டுவிட்டு வரப்பு தம்பியுடையதுதான்னு சொன்னார். தீர்ப்புக்கு வேறு தேதி போட்டுக் கோர்ட் கலைந்ததும் இறங்கி வந்த வழியே போனார். அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, அவ்வளவுதான். மறுநாள் உப்பு வாரப் போகிறவன் போனான், வலை இழுக்கப் போகிறவன் போனான்.

அப்புறம் ஊர் என்ன செய்திருக்கும்னு நினைக்கிறீர்கள்? ஒரு ஆள் மெமோ போடவில்லை. வழக்கு நடக்கும்போது வீட்டில் சாவு விழுந்தால் குமாஸ்தாக்களே காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தார்கள், மெமோ போட்டுராதீய, அடுத்த வாய்தாவுக்கு ஒங்க அப்பாவப் பாக்கலாம்ன்னு. கோர்ட்டு வராந்தாவில் கிழக்குப் பக்கம் ஒரு பெஞ்சு அவர்களுக்கென்று ஆனது, யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, ஆனாலும் உயிருள்ளவர்கள் அதில் உட்காருவதில்லை. வெயில் கொளுத்துகிற நாளிலும் அந்தப் பெஞ்சைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். செத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண்டாட்டிமார் பலகாரம் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பார்கள். அவர்கள் அதைப் பார்ப்பார்கள், தொடமாட்டார்கள், கோர்ட் கலைந்ததும் நாய்க்குப் போட்டால் நாயும் தொடாது. பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, கோர்ட்டு சர்க்கார் இடம், என் கோயில் எல்லைக்குள் வந்தால் பார்த்துக்கொள்கிறேன்னு சொல்லிவிட்டார். சிவன் கோயில் குருக்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

வழக்கில்லாமல் செத்தவர்கள் வீட்டில்தான் ஏக்கம். பேராச்சின்னு வலை பின்னுகிற ஒருத்தி, மூத்த மகன் கடலில் போனவன், சின்ன மகனைப் பிடித்து உலுக்கி, உன் வலையை உங்க அண்ணன் தரவில்லைன்னு அவன் பேரிலேயே வழக்குப் போட வைத்தாள். செத்தவன் பேரில் புது வழக்காயிற்றே, சம்மன் எங்கே கொடுப்பதுன்னு கோர்ட்டு அமீனா தலையைச் சொறிந்தார். ஆள் கையில் வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வரலாம்னு சட்டம் இருக்கிறது, அவர் அலை அடிக்கிற இடத்தில் கிடந்த அவன் தோணியில் ஒட்டிவிட்டு வந்தார். பாக்கியநாதன் மூன்று தடவை கூப்பிட்டான். பையன் கடற்கரைப் பக்கமிருந்து சொட்டச் சொட்ட நடந்து வந்தான். பேராச்சி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, வழக்கு முடியவே கூடாது மாதாவேன்னு வேண்டினாள், சின்னவன் வக்கீல் வாய்தா வாங்கினார், அடுத்த மாதம் பையன் மறுபடி வந்தான். அதிலிருந்து எங்கள் கோர்ட்டில் எந்த வழக்கும் முடியவில்லை. எதிரெதிர்க் கட்சி வக்கீல்கள் இருவரும் சேர்ந்து நின்று வாய்தா கேட்டார்கள். வாய்தா ராசான்னு யாரைக் கேலி பண்ணினோமோ அவருடைய வித்தையை ஊரே படித்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வர வர அவர்கள் தேய்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முகத்தில் கொஞ்சம் குறைந்தது, கரைந்த சோப்புக் கட்டி மாதிரி மூக்கும் கன்னமும் மழுங்கின, குரல் மெலிந்தது, படியேற ரொம்ப நேரம் எடுத்தது. உலகமுத்து நாடார் வந்து வந்து கடைசியில் அவர் தம்பிக்கே அடையாளம் தெரியவில்லை, துண்டு கட்டின விதத்தை வைத்துத்தான் அண்ணாச்சின்னு கும்பிட்டார். பேராச்சி மகனுக்குப் புருவம் இல்லாமல் போயிற்று. கொஞ்சம் எளச்சிருக்கான்னு சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது, நாங்கள் என்ன செய்ய?

இத்தனை நடந்தும் தேரணி துரை தன் சம்சாரத்தைக் கூப்பிடவில்லை. பாவம், யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் காலையில் தன் குமாஸ்தா சிவசுப்புவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எழுது, வாதி ஃபெர்கஸ் டியர்னி, பிரதிவாதி இஞ்ஞாசியம்மாள்ன்னு ஆரம்பித்தார். சிவசுப்பு எழுதாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன கேசுங்க தொர? அம்மாவுக்கும் ஒங்களுக்கும் என்ன வழக்கு இருக்கு?"

"பெண்டாட்டி நியாயமான காரணம் இல்லாம புருஷனை விட்டுப் போனா, அவ திரும்பி வந்து அவனோட குடித்தனம் நடத்தணும்ன்னு கோர்ட் உத்தரவு போடலாம். சட்டம் இருக்கு."

"தொர, அம்மா செத்துல்லா போனாக."

"செத்துப்போறது நியாயமான காரணம்ன்னு அந்தச் சட்டத்துல எங்கயாவது எழுதியிருக்கா, சிவசுப்பு? நான் எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்." துரை எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "மத்தவங்க எல்லாம் வாய்தாவுக்கு வாய்தா பாத்துட்டு அனுப்பிடறாங்க. எனக்கு அது போதாது. எனக்கு அவ வீட்டுக்கு வரணும். தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்தா, அவ வரத்தான் வேணும்."

சிவசுப்பு எழுதினான். அமீனா சம்மனைக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் இஞ்ஞாசியம்மாள் சிலுவையில் ஒட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து சேர்ந்தார்.

ஊர் இரண்டாகப் போயிற்று. இதுவரை யாருக்கும் தோன்றாத விஷயம் இது. கோர்ட்டுக்கு வருகிறவர்களை வீட்டுக்கே அனுப்பச் சொல்லி ஒரு தீர்ப்பு வந்துவிட்டால், அதைக் காட்டி எல்லாரும் கேட்கலாமே. பேராச்சி துரை ஜெயிக்க வேண்டும்ன்னு மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். மளிகைக்கடைச் சங்குப்பிள்ளை, மூத்தவள் போய் இரண்டாம் தாரம் கட்டிப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர், ராத்தூக்கம் கெட்டு துரை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தொர, ஒங்களுக்குத் தீர்ப்பாச்சுன்னா நாளைக்கே மூத்தவளோட அண்ணன் எம்பேர்ல கேஸ் போடுவான். நான் எவள வீட்டுல வச்சிக்கிட்டு எவள வெளிய நிறுத்தட்டும்?"

"எனக்குத் தெரியல, பிள்ளை."

"அம்மா வீட்டுக்கு வந்து என்ன செய்வாகன்னு யோசிச்சீயளா? சாப்பிடமாட்டாக, தூங்கமாட்டாக. கேட்டாத்தான் பேசுவாக."

"நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்," என்றார் துரை. சங்குப்பிள்ளைக்கு அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

வழக்கு நாள் சித்திரையில் வந்தது. கோர்ட்டில் எள் போட இடமில்லை, வேப்பமரத்தில்கூட ஆட்கள். துரை அன்றைக்குக் கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு, மழமழவென்று சவரம் செய்து, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். பாக்கியநாதன் வாசலில் வந்து நின்றான். இஞ்ஞாசியம்மாள் அவனுக்குத் தூரத்து உறவில் அக்காள் முறை. முதல் தடவை அவன் குரல் உடைந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டு முடிக்குமுன்னே கூட்டம் பின்வாங்க ஆரம்பித்துவிட்டது.

மாதாகோயில் தெருவழியாக வந்தாள். கல்யாணப் பட்டு, விரலில் சுற்றின ஜெபமாலை, அடக்கம் செய்தபோது எப்படி இருந்தாளோ அப்படியே. முதல் தடவை வருகிறதால் முகம் கொஞ்சமும் தேயவில்லை. வெளியே தார் உருகுகிற வெயில், அவள் தலைமுடி மட்டும் அந்த ஐப்பசி மழையில் நனைந்திருந்தது, நடந்த இடமெல்லாம் தண்ணீர் சொட்டி, சொட்டின தண்ணீர் வெயிலில் காயாமல் அப்படியே கிடந்தது. துரை பக்கத்தில் கடந்துதான் கூண்டுக்குப் போனாள். அவர் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

ஜட்ஜ் வழக்கம்போல ஆரம்பித்தார். "வாதியோட மனைவி நீங்கதானா?"

"ஆமா."

"அவர் வீட்டை விட்டுப் போனது உண்மையா?"

"உண்மை."

"போனதுக்கு நியாயமான காரணம் உண்டா?"

"உண்டு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஜட்ஜ் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "வாதி குறுக்கு விசாரணை செய்யலாம்."

துரை கூண்டுக்குப் பக்கத்தில் போனார். இங்கிலீஷில் கேட்டிருக்கலாம், அங்கே மொழிபெயர்க்க ஆள் உண்டு, ஆனால் அவர் அவளிடம் பழகின கடற்கரைத் தமிழிலேயே கேட்டார். "என்ன காரணம்?"

"கூப்பிட்டேன். நீங்க வரல."

"நான் முன்னறையிலதான் இருந்தேன், இஞ்ஞாசி."

அவள் பேசவில்லை. ஜட்ஜ் மெதுவாக, "கேள்வியாக் கேளுங்க," என்றார்.

"நான் அப்ப எங்க இருந்தேன்?"

"முன்னறையில. எழுதிக்கிட்டு இருந்தீய."

"என்ன எழுதினேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டுனதில்ல."

அது அவளைப் பற்றின கவிதை. சிவசுப்பு எங்களுக்கு அப்புறம் சொன்னான். அவள் சிரிப்புக்கு ஒரு சொல் அகப்படாமல், அவள் போன அன்றைக்குக் காலையிலிருந்து துரை தேடிக்கொண்டிருந்தார். அவள் உள்ளறையில் காய்ச்சலோடு கிடந்தாள். அதற்கப்புறம் அந்தத் தாளை அவர் தொடவேயில்லை.

"நான் பதில் ஏதாவது சொன்னேனா?"

"சொன்னீய. ஒரு நிமிஷம்ன்னு சொன்னீய."

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது. இது வக்கீல் தொழிலில் பால பாடம், சிவசுப்புவுக்கே தெரியும். அவன் பின்னாலிருந்து துரையின் கவுனைப் பிடித்து இழுத்தான். துரை விடவில்லை.

"எத்தன தடவ கூப்பிட்ட?"

"மூணு தடவ."

அந்தக் கோர்ட்டில் இருந்த ஒருத்தருக்கும் இதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பாக்கியநாதன் குனிந்து தரையைப் பார்த்தான். எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். துரை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாய் கோணியது, அழுகிறாரோ சொல் தேடுகிறாரோன்னு எங்களுக்குத் தெரியவில்லை.

"எதுக்குக் கூப்பிட்ட?"

"பயமா இருந்துச்சு."

பேராச்சி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு மனுஷி பயந்து கூப்பிட்டிருக்கிறாள், இவன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அவளை வர்ணித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

ஜட்ஜ் பேனாவை மறுபடி எடுக்காமலே பேசினார். சட்டத்துக்கு அப்பால் அடி வைக்காதவர்ன்னு சொன்னேனே, அன்றைக்கும் வைக்கவில்லை, ஆனால் சட்டத்துக்குள் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவையும் கொடுத்தார். "மிஸ்டர் டியர்னி, இன்னிக்கே தீர்ப்புச் சொல்லணும்ன்னு இல்ல. வாய்தா வேணுமா?"

வேணும்ன்னு சொல்லுங்க தொரன்னு கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். கேட்டால் கிடைத்துவிடும். அடுத்த மாதம் வருவாள், அதற்கடுத்த மாதமும் வருவாள், அவர் ஆயுசு முழுக்க வாய்தா வாங்கலாம், அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துரை வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். கிழக்குப் பெஞ்சில் முகமில்லாதவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் மறுபடி அவளிடம் திரும்பி, முழு முகத்தையும், கண்ணையும் புருவத்தையும் மூக்குத்தி போட்ட இடத்தையும் பார்த்தார்.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்றார். "களைப்பா இருக்கா?"

"ஆமா."

"வாய்தா வேண்டாம்," என்றார் துரை. "என் தரப்புல சொல்ல ஒண்ணும் இல்ல. தீர்ப்புச் சொல்லிடுங்க."

பிரதிவாதி போனதற்கு நியாயமான காரணம் இருந்தது, வழக்கு தள்ளுபடின்னு ஜட்ஜ் சொன்னார். சத்தம் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் கூண்டிலிருந்து இறங்கினாள். செத்தவர்கள் தனியாகத்தான் திரும்பிப் போவார்கள், கூடப் போக யாருக்கும் தைரியம் வந்ததில்லை. துரை கவுனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவள் கூடவே நடந்தார். தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து, ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, கவிதை சொன்னாரோ மன்னிப்புக் கேட்டாரோ, எட்டி நின்ற எங்கள் காதில் விழவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் நின்றார். அவள் நிற்காமல் போனாள்.

அதற்கடுத்த வாரம் பேராச்சி மகன் வழக்குக் கூப்பிட்டார்கள். பேராச்சி நேராகக் கூண்டுக்கு முன்னால் போய், ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டு, சாமி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ன்னாள். புருவமில்லாத, மூக்கில்லாத அந்தப் பையனிடம், "ஏய்யா, களைப்பா இருக்கா?"ன்னு கேட்டாள். ஆமாம்மான்னு சொன்னான். அங்கேயே ஒரு மெமோ எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள், வீட்டுக்கு வந்து படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள், எல்லாருக்கும் அதே பதில்தான் கிடைத்தது, மெமோ மேல் மெமோவாக விழுந்தது, மழைக்காலம் வருவதற்குள் கிழக்குப் பெஞ்சு காலியாகிவிட்டது. அதில் வெயில் பட்டுச் சூடேறி, ஆடு ஏறிப் படுத்தது.

துரை இன்னும் ரொம்ப வருஷம் இருந்தார். எழுதினாரான்னு தெரியாது. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது அவருக்கு. யார் கூப்பிட்டாலும், முதல் கூப்பாட்டிலேயே, கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, இந்தா வந்துட்டேன்னு எழுந்து வருவார். கட்சிக்காரன் வாசலில் நின்று கூப்பிட்டாலும் சரி, பக்கத்து வீட்டில் யாரோ தன் பிள்ளையைக் கூப்பிட்டாலும் சரி, தன்னைத்தானோன்னு ஓடி வந்துவிடுவார். சாப்பாட்டுக் கையோடு வருவார், பாதிச் சவரத்தோடு சோப்பு நுரை வடிய வருவார். முதலில் சிரித்தோம். அப்புறம் அந்தத் தெருவில் யாரையும் கூப்பிடுவதாக இருந்தால் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லப் பழகிக்கொண்டோம். மீன் விற்கிற அந்தோணியாள் மட்டும் என்ன செய்வாள், கூவித்தானே ஆக வேண்டும். மீனேய்ன்னு அவள் குரல் கொடுத்த மூச்சிலேயே கதவு திறக்கும், துரை வாசலில் நிற்பார், வேண்டாம் ஆத்தா, சும்மா வந்தேன்னு சொல்லிவிட்டு உள்ளே போவார். மழையானாலும் காய்ச்சலானாலும் அது தவறினதில்லை.

ஒரு நாள் காலையில் அந்தோணியாள் வழக்கம்போல வந்து வாசலில் நின்று கூவினாள். கதவு திறக்கவில்லை. அவள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கூடையை இறக்கி வைத்து, தலைச் சும்மாட்டைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, துரைக்கு மணி அடிக்கச் சொல்ல மாதாகோயிலுக்கு நடந்தாள்.